ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்

கோர்ட்டுக்குப் போனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்று புலம்புகிறவர்களை ஒரு நாளாவது இந்தக் கட்டடத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கே இழுவை என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் "நான் செய்யலைங்க, சத்தியமா செய்யலைங்க" என்று அழுதுகொண்டே ஒரு கூட்டம் படியேறும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதே கூட்டம் "நான்தான் செய்தேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையாக நிற்கும். அடித்தார்களா, உதைத்தார்களா என்று கேட்காதீர்கள். சீச்சீ, ஒரு விரல் மேலே படாது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துத்தான் எல்லாம் நடக்கும். வீட்டில் எல்லாரும் என்று அவர்கள் சொல்லும்போது கை தானாகப் பேனாவைத் தேடும், அவ்வளவுதான்.

அன்று படியேறிய கூட்டத்தில் திரைக்காரரும் ஒருவர். ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். அளவு எடுப்பதும் மாட்டுவதும் அவர். வெட்டுவதும் தைப்பதும் அவர் மனைவி. ஏணியைத் தவிர வேறெதிலும் ஏறிப் பழக்கமில்லாத மனுஷன். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூட, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்.

அவர் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடி ஜன்னலுக்குத் திரை மாட்டினார். அதே வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், அந்த வீட்டில் ஒரு ஜோடி தங்க வளையல் காணாமல் போயிற்று. போலீஸ்காரர்கள் ஜன்னல் சட்டத்தில் கைரேகை தேடினார்கள். திரைக்காரருடைய ரேகைதான் இருந்தது. ஜன்னலில் திரை மாட்டியவன் ரேகை ஜன்னலில் இல்லாமல் பின்னே கூரையிலா இருக்கும்? இதை எடுத்துச் சொல்லத்தான் விசாரணை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் என அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம். திருட்டு நடந்த மத்தியானம் அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டபடி மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அதைப் போலீஸிலும் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டு இவரைக் கூட்டிப் போனார்கள். ஜாமீன் போட ஆளில்லாமல் மூன்று மாதம் உள்ளே கிடந்துவிட்டு, அன்றுதான் முதன்முதலாக நீதிமன்றத்தின் நீண்ட நடைபாதையில் காவலரோடு நின்றார்.

எதிர்ப் பெஞ்சில் மனைவி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "அன்னிக்கு மத்தியானம் பூராவும் பக்கத்துலயே இருந்தேங்க. நெத்தியில துணி மாத்திக்கிட்டே இருந்தேங்க. எங்கயும் நகரலைங்க." சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், தடுமாறிவிடக்கூடாது என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கண்ணால் தைரியம் சொன்னாள். அவருக்கு அது போதும்போல இருந்தது.

அப்போது அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் கொள்ளாத அளவுக்குக் கேஸ் கட்டுகள்.

"நீங்கதானே மாமியாரைப் படியிலேருந்து தள்ளிவிட்டவர்?"

"ஐயோ, இல்லைங்க! நான் திரை மாட்டுறவன். டாக்டர் வீட்டுல..."

"ஓ, திருட்டா? ரொம்ப நல்லதாப் போச்சு. மாமியார்னா கஷ்டம். திருட்டு சுலபம். வாங்க, வாங்க, பேரம் பேசிடலாம்."

"பேரமா? நான் எடுக்கவே இல்லைங்களே."

"அதையும் உள்ள சொல்லுங்க. அவரும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று வக்கீல் அவர் முதுகில் கை வைத்து ஓர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். காவலரும் பின்னாலேயே வந்தார்.

அறையில் அரசு வக்கீல் தொண்டை மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"பாருங்க, விசாரணைங்கிறது உங்க உரிமை. அதை உங்ககிட்டேருந்து யாராலயும் பறிக்க முடியாது. பறிக்க வந்தா நானே குறுக்க நிப்பேன். அவ்வளவு உசத்தியான உரிமை. ஆனா அதை எடுத்து நீங்க பயன்படுத்தினீங்கன்னு வெச்சுக்குங்க, நான் ஏழு வருஷம் கேப்பேன்."

"நான் எடுக்கலைங்க."

"எடுக்கலைன்னா ஏழு வருஷம். எடுத்தேன்னு சொன்னா, உள்ள இருந்த நாளே தண்டனைன்னு கழிச்சிட்டு இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்."

திரைக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அப்போ எடுத்தவனுக்கு வீடு, எடுக்காதவனுக்கு ஜெயிலுங்களா?" என்று திரைக்காரர் மெல்லக் கேட்டார்.

"எடுக்காதவன்னு ஒருத்தரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லையே! எடுத்தவங்க, இன்னும் ஒப்புக்காதவங்க, இந்த ரெண்டு வகைதான் இங்க வர்றாங்க." அரசு வக்கீல் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். "நான் பெருமைக்குச் சொல்லலை. இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு நிரபராதியைக்கூட நான் தண்டிச்சதில்லை. தண்டனை வாங்கின ஒவ்வொருத்தரும் தன் வாயால ஒப்புக்கிட்டவங்க. அதான் எனக்கு ராத்திரி படுத்த உடனே தூக்கம் வருது. உங்களுக்கு வருதா?"

திரைக்காரருக்கு மூன்று மாதமாகத் தூக்கம் கிடையாது. அதைச் சொன்னால் அதையும் குற்றத்துக்கு அத்தாட்சியாக எழுதிக்கொள்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் எதிர்ப் பெஞ்சில் பாடம் பண்ணிக்கொண்டிருக்கும் மனைவியின் உதடு ஞாபகத்துக்கு வந்தது. இல்லாத தைரியத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "விசாரணையே வெச்சுடுங்க சார். என் சம்சாரம் சாட்சி சொல்லுவா" என்றார்.

காவலர் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். அரசு வக்கீல் மிட்டாயைக் கடித்துவிட்டார். பெஞ்சு கிளார்க்குக்கு ஆள் போயிற்று.

"விசாரணைக் கூடமா?" கிளார்க் தலையைச் சொறிந்தார். "சாவி எங்க இருக்குன்னு தெரியலையே சார். முன்னால இருந்தவர் ரிட்டயர் ஆகும்போது ஒப்படைச்சாரா இல்லையான்னு பார்க்கணும்."

கடைசியில் சாவி டீ சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. எல்லாரும் போய்க் கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே கிளார்க்கின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. "வெயில்ல நிறுத்தினா சீட் கிழிஞ்சு போகுது சார்" என்றார் கிளார்க். கால் உடைந்த நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சாட்சிக் கூண்டுக்குள் துடைப்பமும் வாளியும் இருந்தன. ஜன்னல்களில் திரை இல்லை. தொழில் புத்தி, அந்த நடுக்கத்திலும் திரைக்காரர் அதைக் கவனித்தார்.

"சாட்சி எந்தப் பக்கம் பார்த்து நிப்பாங்க சார்?" என்றார் கிளார்க்.

"ஜட்ஜைப் பார்த்துத்தான்னு நெனைக்கிறேன். படிக்கிற காலத்துல ஒரு படம் போட்டிருந்தாங்க" என்றார் அரசு வக்கீல் யோசனையோடு.

இலவச வக்கீலுக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது. திரைக்காரரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "குறுக்கு விசாரணை நான்தான் பண்ணணுமா? அதுல கத்திக் கேக்கணுமா, மெதுவாக் கேக்கணுமா? தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு வக்கீல் தொழில்ல நல்ல பேர் இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதுக்குத் தேவையே வரலை."

கிளார்க் ஒரு விரலால் நாற்காலி மேல் தூசியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு, மைக் போட ஆர்டர் வாங்கணும் சார். ரெண்டு வருஷமாவது ஆகும். அது வரைக்கும் இவர் உள்ளயே இருக்கட்டும்."

இரண்டு வருஷம் உள்ளே இருந்தால்தான், ஏழு வருஷம் உள்ளே போகலாமா வேண்டாமா என்று பேசவே ஆரம்பிப்பார்கள். திரைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க. நான் ஒப்புக்குறேன்" என்றார்.

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கிளார்க் கூடத்தைப் பூட்டினார். அரசு வக்கீல் திரைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மனசாட்சி உள்ளவர்னு பார்த்த உடனே தெரிஞ்சுது" என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கும் திரைக்காரருக்கும் வித்தியாசமில்லை. வெறுமனே ஒப்புக்கொண்டால் நீதிமன்றம் விட்டுவிடுமா? அது என்ன சந்தைக்கடையா? ஒப்புக்கொள்கிறவர் உண்மையாகவே வருத்தப்படுகிறாரா என்று சோதித்துப் பார்க்க ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் போதும் என்று எழுதினால்தான் ஜட்ஜ் முன்னால் போக முடியும். வாசலில் பலகைகூட மாட்டியிருக்கிறார்கள்: வருத்த அலுவலர்.

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கனிவாகச் சிரித்தார். "உக்காருங்க தம்பி. பயப்படாதீங்க. ம்... வருத்தப்படுங்க பார்க்கலாம்."

திரைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பல் கிட்டித்துக்கொண்டது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது பயம் தம்பி. வருத்தம் இல்லை. பயத்துக்கெல்லாம் இங்க மார்க் கிடையாது."

"எனக்கு எதுக்கு வருத்தப்படணும்னு தெரியலைங்கம்மா. நான் செய்யலை."

"அதான் பாருங்க!" அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். குரலில் நிஜமான வேதனை. "குத்தம் செய்யாதவங்களாலதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் அவங்களுக்கு வருத்தமே வர்றதில்லை. கல்லு மாதிரி உக்காந்திருப்பாங்க. அந்த மாதிரி கல்நெஞ்சக்காரங்களுக்கு இருக்கிறதுலயே பெரிய தண்டனையா சிபாரிசு பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. உங்களுக்கு முன்னால ஒருத்தர் வெளிய போனாரே, பார்த்தீங்களா? பல தடவை வந்துட்டார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே அழறார். அது மனுஷன்! போங்க, வெளிய உக்காந்து யோசிச்சு, வருத்தத்தோட வாங்க."

வெளியே பெஞ்சில் அந்த மனுஷர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். எல்லாரும் அவரைப் 'பழையவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். காவலர்கூட அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

"புதுசா?" என்றார் பழையவர், திரைக்காரர் நடுங்குவதைப் பார்த்து. "முதல்ல அப்படித்தான் இருக்கும். என்ன கேஸ்?"

"பல் டாக்டர் வீட்டுத் திருட்டு. மாடி ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சு, பீரோவைத் திறந்து எடுத்தேனாம். அப்படித்தான் எழுதியிருக்காங்க. அதுக்கு எப்படி வருத்தப்படறதுன்னு தெரியலைங்க."

"ஜன்னல் வழியாவா?" பழையவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்யா எழுதினது? பட்டப்பகல்ல ரோட்டைப் பார்த்த ஜன்னல்ல எவனாவது ஏறுவானா? பின்னால துணி துவைக்கிற இடத்துல ஒரு கதவு இருக்கு. தாழ்ப்பாள் சரியா விழாது. லேசாத் தூக்கித் தள்ளினாப் போதும். பீரோவுல ஒரு மண்ணும் இல்லை. வளையல் சாப்பாட்டு மேஜை டிராயர்ல, மாத்திரை டப்பாவுக்குள்ள இருந்துச்சு. திரும்பி வரும்போது படியில ஒரு கொழந்தைச் செருப்பு, ஒத்தைச் செருப்பு, கவுந்து கிடந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தச் செருப்பைச் சொல்லுங்க தம்பி. வருத்தத்துக்கு அது ரொம்ப நல்லது."

திரைக்காரர் வாயைப் பிளந்தார். "உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம்..."

"நல்லாக் கேட்டீங்க. நான்தானே போனேன்!"

திரைக்காரர் துள்ளி எழுந்து போட்ட கூச்சலில் வருத்த அலுவலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வக்கீல் ஓடி வந்தார். அரசு வக்கீலும் வந்தார். "இவர்தாங்க! இவர்தாங்க எடுத்தது! இப்பத்தான் சொன்னார்!" என்று திரைக்காரர் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். மூன்று மாதத்தில் முதன்முதலாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அரசு வக்கீல் பழையவரைப் பார்த்தார். "நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாங்கய்யா" என்றார் பழையவர் மரியாதையாக எழுந்து நின்று.

"என்னங்க இது!" அரசு வக்கீல் சலித்துக்கொண்டார். "இவர் காலையிலயே சைக்கிள் திருட்டுக்கு ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சே."

"சைக்கிளையும் நீங்கதான் எடுத்தீங்களா?" என்று திரைக்காரர் பழையவரிடம் கேட்டார்.

"சேச்சே, நான் சைக்கிளெல்லாம் தொடுறதில்லை. ஆனா அது சின்னக் கேஸ் தம்பி. ஐயாதான் பார்த்துப் போட்டுக் குடுத்தார்."

"புரிஞ்சுக்குங்க" என்றார் அரசு வக்கீல் திரைக்காரரின் தோளில் கை போட்டு. "ஒரு குத்தத்துக்கு ஓர் ஆள் வேணும். வளையலுக்கு நீங்க இருக்கீங்க, சைக்கிளுக்கு இவர் இருக்கார். எல்லாம் சரியா உக்காந்திருக்கு. இப்போ இவரைத் தூக்கி வளையலுக்குப் போட்டா, சைக்கிள் அநாதையா நிக்கும். அந்தச் சைக்கிள்காரருக்கு நீதி வேண்டாமா? அவரும் ஒரு குடிமகன்தானே?"

திரைக்காரர் அடுத்துக் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. "அப்போ, சைக்கிளுக்கு நான் ஒப்புக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"அதான் போயிடுச்சே" என்றார் அரசு வக்கீல்.

பழையவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால சொல்லியிருந்தீங்கன்னா மாத்திக்கிட்டிருக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காவலரோடு சைக்கிள் வழக்குக்குப் போனார்.

இலவச வக்கீல் மட்டும் சந்தோஷத்தில் இருந்தார். "அவர் குடுத்த விவரம் தங்கம்! பின்கதவு, மாத்திரை டப்பா, செருப்பு. ஜட்ஜம்மா உருகிடுவாங்க. ஒரே ஓர் இடைஞ்சல்தான். உங்க வீட்டுக்காரம்மா அன்னிக்கு உங்க பக்கத்துலயே இருந்ததாப் போலீஸ்ல சொல்லி வெச்சிருக்காங்க. அதைச் சரிக்கட்டணும். அவங்க கண்ணசந்தப்போ நீங்க எழுந்து போனதாச் சொல்லிடுங்க."

"அவ கண்ணசரவே இல்லைங்க."

"கண்ணசரலைன்னா நீங்க எப்படிப் போனீங்க?"

"நான் போகவே இல்லையே!"

"மறுபடி முதல்லேருந்தா?" என்றார் வக்கீல் களைப்பாக. "அப்புறம் இன்னொண்ணு. இதை அவங்ககிட்ட முன்கூட்டிச் சொல்லிடாதீங்க. ஜட்ஜம்மா குடும்பத்தோட முகத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க. அந்த அதிர்ச்சி நிஜமா இருக்கணும். போன வாரம் ஒரு அம்மாவுக்கு எல்லாம் முன்னாலயே தெரிஞ்சுபோய், புருஷன் ஒப்புக்கும்போது கொட்டாவி விட்டுட்டாங்க. ஒப்பந்தமே போச்சு. அவர் இன்னும் உள்ள இருக்கார். வீட்டுக்குப் போய்ப் பொறுமையாச் சொல்லிக்கலாம். வீட்டுக்குப் போறதுதானே முக்கியம்?"

ஆமாம், அதுதான் முக்கியம். திரைக்காரருக்கு வேறு எதுவும் வேண்டாம். வீடு, தையல் மிஷின் சத்தம், எதிரில் அவள். அதை நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து வருத்த அலுவலர் உள்ளே கூப்பிட, அவர் அப்படியே போய் உட்கார்ந்தார். படியில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போதும் என்று எழுதினார்.

நீதிமன்ற அறைக்குள் போனபோது அவருக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரர் நின்றிருந்தார். அவர் செய்தது என்னமோ சின்னத் தப்புதான். ஆனால் பயந்தால் சிரிப்பு வருகிற ஜாதகம் அவருக்கு. ஜட்ஜம்மா "வருத்தப்படறீங்களா?" என்று கேட்டதும், பாவம், பக்கென்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார், அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. ஒப்பந்தப்படி அபராதத்தோடு போக வேண்டியவரை நாலு வருஷம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல் வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டே கதறிய சத்தம் கேட்டது.

அடுத்தது திரைக்காரர். மூன்றாவது வரிசையில் மனைவி இருந்தாள். இன்னும் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாராவது மிரட்டி ஒப்புக்கச் சொன்னாங்களா?" என்றார் ஜட்ஜம்மா.

"இல்லைங்கம்மா."

"ஏதாவது ஆசை காட்டினாங்களா?"

"இல்லைங்கம்மா."

"ஒப்புக்கிட்டா என்ன கிடைக்கும்னு சொல்லியிருக்காங்க?"

"வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு சொன்னாங்கம்மா."

"நல்லது. ஆசை காட்டலைன்னு எழுதிக்குங்க" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, ஜட்ஜம்மா முன்னால் குனிந்தார். "இன்னொண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க பேசிக்கிட்ட ஒப்பந்தம் என்னைக் கட்டாது. நீங்க சொல்றது பொய்னு எனக்குத் தோணுச்சுன்னா ஏழு வருஷம் குடுப்பேன். குடுத்தது ஒப்பந்தப்படி இல்லைன்னு ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்க முடியாது. சம்மதமா?"

சம்மதம் என்று தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க."

அவர் சொன்னார். காய்ச்சல் லேசாக விட்டதையும், பக்கத்தில் மனைவி கண்ணசந்து சுவரில் சாய்ந்திருந்ததையும், தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளியதையும், மேஜை டிராயர் கிறீச்சிட்டதையும் சொன்னார். மாத்திரை டப்பாவுக்குள் வளையல் குலுங்கியதைச் சொன்னார். கிறீச்சிட்டது, குலுங்கியது எல்லாம் அவராகவே சேர்த்துக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. ஏழு வருஷம் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது வாய் தானாகவே ஓடுகிறது. செருப்புக்கு வந்தபோது குரல் உடைந்தது. "இந்த வீட்டுல ஒரு கொழந்தை இருக்கே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்னு..." என்று சொல்லிவிட்டு, வீட்டை நினைத்து விம்மி விம்மி அழுதார். வளையலைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த டாக்டர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இலவச வக்கீலே கொஞ்சம் கலங்கிப்போனார். மூன்றாவது வரிசையில் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. ஜட்ஜம்மா நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்தியோடு சாய்ந்துகொண்டார்.

"இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ ஒப்புதல் கேட்டிருக்கேன்" என்றார். "இது மாதிரி கேட்டதில்லை. உண்மைக்கு ஒரு வாசனை உண்டு. அது என் மூக்குக்குத் தப்பவே தப்பாது. சாட்சியைக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, அலசி ஆராய்ஞ்சாத்தான் உண்மை தெரியும்னு சிலர் வெளிய எழுதிக்கிட்டிருக்காங்க. அவங்கல்லாம் இன்னிக்கு இங்க வந்து உக்காந்து பார்த்திருக்கணும். போங்க, நல்லா இருங்க. உள்ள இருந்த காலம் போதும்."

அவ்வளவுதான். காவலர் கையை விட்டார். அரசு வக்கீல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். திரைக்காரர் வெளியே வந்து வெயிலில் நின்றபோது, காலில் தரை இருப்பதே தெரியவில்லை. மனைவி பின்னால் வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் விட்டுவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஆளுக்கு நடுவில் நின்றுகொண்டு எதையும் பேச முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மிஷினில் பாதி தைத்த திரை ஒன்று தொங்கியது. அவள் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"நான் அன்னிக்குத் தூங்கினேனா?" என்றாள்.

"என்னம்மா?"

"நான் தூங்கவே இல்லைன்னுதான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். சுவத்துல சாஞ்சு இருந்தேன்னு நீங்க சொன்னப்பதான் யோசிச்சேன். சாஞ்சுதான் இருந்தேன். கொஞ்சம் கண்ணசந்திருப்பேன் போல."

"ஐயோ, இல்லம்மா! அது... அது வக்கீல் சொல்லச் சொன்னது. நான் எங்கயும் போகலை. நிஜமா எடுத்தவர் அங்கயே, பெஞ்சுல, ஒருத்தர், அவர்தான்... அவர் சைக்கிள் கேஸ்... சைக்கிள் அவர் எடுக்கலை, ஆனா அதுக்கு அவர் ஒப்புக்கிட்டு... செருப்பெல்லாம் அவர் சொன்னதுதான்..." சொல்லச் சொல்ல அவருக்கே அது கேட்க நன்றாக இல்லை. வார்த்தைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டன.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்க சொன்னப்போ ஒரு தடவைகூட இப்படித் திக்கலையேங்க."

"பயத்துல சொன்னதும்மா அது."

"இப்பவும் பயத்துலதான் சொல்றீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நான் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். காசு முடையா இருந்துச்சு, ஏதோ புத்தி கெட்டு எடுத்துட்டீங்க. மனுஷங்கதானே. எடுத்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இத்தோட மறந்துடறேன். இனிமே வாயைத் திறந்து கேக்க மாட்டேன். எங்கிட்டயும் மறைச்சீங்கன்னாத்தான் என்னால தாங்க முடியாது. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

திரைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எடுத்தேன்" என்றார்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். கதவை விட்டு நகர்ந்து வந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.